அறுபது நாளுக்கு ஒரு கூரை

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் முஸ்லிம்களும் முஸ்லிம் அல்லாதோரும் செய்துகொள்ளும் மணங்களுக்குத் துணை நிற்போரின் கொள்கைப் பிரகடனம்

அம்பத்தூர் வெங்கடாபுரத்தில் ஒரு மொட்டைமாடியில் பாய் விரித்து உட்கார்ந்து, மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் பேசி, இதை எழுதி முடித்திருக்கிறோம். பதினாறு பேர். ஏழு தம்பதிகள், கணவரை இழந்த ஓர் அம்மா, இன்னும் கல்யாணம் ஆகாத ஒரு வழக்கறிஞர். லேத் ஓட்டுகிறவர் இருக்கிறார், நர்ஸ் இருக்கிறார், ஆவடி டேங்க் ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் இருக்கிறார், பூந்தமல்லியில் டிபன் கடை வைத்திருப்பவர் இருக்கிறார். ஒவ்வொரு தம்பதியிலும் ஒருவர் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். மற்றவர் இந்துக் குடும்பத்திலோ கிறிஸ்தவக் குடும்பத்திலோ பிறந்தவர். எங்களில் ஐந்து வேளை தொழுகிறவர் உண்டு, மாலை போட்டுச் சபரிமலைக்குப் போகிறவர் உண்டு, எதையும் நம்பாதவர் உண்டு. கூட்டத்துக்கு நடுவில் மக்ரிப் பாங்கு கேட்டபோது இரண்டு பேர் எழுந்து போய்த் தொழுதுவிட்டு வந்தார்கள். அதுவரை மற்றவர்கள் டீ குடித்தோம். இந்த இயக்கம் எப்படி நடக்கும் என்று கேட்கிறவர்களுக்கு, அப்படித்தான் நடக்கும் என்று சொல்லிக்கொள்கிறோம்.

எங்களைச் சேர்த்துவைத்தது ஒரு நோட்டீஸ் போர்டு.

இந்த வட்டாரத்து அலுவலகம் ஒன்றின் நடைபாதைச் சுவரில் அது தொங்குகிறது. மரச்சட்டம், ஒரு மூலையில் விரிசல் விட்ட கண்ணாடி, உள்ளே வெளிறிப்போன பச்சைத் துணி. பழைய சுற்றறிக்கைகளுக்கு நடுவே குண்டூசி குத்திய ஒரு தாள். இரண்டு பாஸ்போர்ட் சைஸ் படங்கள். இருவர் பெயர், அப்பா பெயர், வயது, தொழில், கதவு எண் முதல் பின்கோடு வரைக்கும் முகவரி. ஆட்சேபம் உள்ளவர்கள் முப்பது நாளுக்குள் தெரிவிக்கலாம் என்று கீழே ஒரு வரி. எங்களில் ஒரு தம்பதியின் தாள் அங்கே திங்கட்கிழமை ஏறியது. வேறு வேலையாக வந்த யாரோ ஒருவர் அதை செல்போனில் படம் எடுத்தார். வியாழக்கிழமை மத்தியானம் அந்தப் படம் பெண்ணுடைய அத்தாவின் கடைக்கே வந்து சேர்ந்தது. அவர் மகளைக் கூப்பிட்டார். எதுவும் கேட்கவில்லை. படம் தெரியும்படி போனைக் கல்லாப்பெட்டி மேல் வைத்துவிட்டு, அஸர் தொழுகைக்கு நடந்துவிட்டார். அன்று ராத்திரி அவள் போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டது அண்ணன்கள்.

அந்த இருவரும் முப்பது நாள் காத்திருக்கவில்லை. காத்திருக்க முடியவில்லை. பதினோராம் நாள் அவள் வீட்டை விட்டு வந்தாள். வேறோர் ஊரில், மூன்றே நாளில், அவர் கலிமா சொல்லிப் பெயர் மாற்றிக்கொண்டார், நிக்காஹ் நடந்தது. இருவரும் இன்று எங்களோடு உட்கார்ந்திருக்கிறார்கள், இரண்டு பிள்ளைகளோடு. அவர் சொன்னதை அப்படியே எழுதச் சொன்னார்: “எனக்கு அர்த்தம் தெரியாது. சொல்லச் சொன்னாங்க, சொன்னேன். அர்த்தம் தெரியாம ஒரு சாமிகிட்ட வாக்கு கொடுத்துட்டேனேன்னு இன்னைக்கும் உறுத்துது.” மனைவி தொழுகையை விடாதவர். அவர் சொன்னார்: “அவர் பொய்யாக் கலிமா சொல்றதுக்கு நான் காரணமாயிட்டேன். அதுக்கு நான்தானே பதில் சொல்லணும், அல்லாஹ்கிட்ட?”

நம்பிக்கை உள்ளவரையும் இல்லாதவரையும் ஒரே நேரத்தில் புண்படுத்திய காரியம் இது. அவர்களை அங்கே தள்ளியது காதல் என்று ஊர் சொல்கிறது. நாங்கள் அந்த முப்பது நாளைச் சொல்கிறோம். மணத்துக்காக மதம் மாறுகிறார்கள் என்று பதறுகிறவர்கள், மதம் மாறாமல் மணக்க இருக்கிற ஒரே பொது வழியில் முப்பது நாள் முள் போட்டு வைத்திருப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை பேச வேண்டும்.

எங்கள் கொள்கையை முதலில் சொல்லிவிடுகிறோம். மணம் வேண்டுமென்றால் மதம் மாறு என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது. மணமகன் கேட்கக் கூடாது, மாமியார் கேட்கக் கூடாது, ஜமாத்தோ கோயில் கமிட்டியோ கேட்கக் கூடாது. மனம் உவந்து மாறுகிறவரை யாரும் தடுக்கவும் கூடாது. இந்த இரண்டும் சேர்ந்தே இருக்க வேண்டும். முதலாவதை மட்டும் பிடித்துக்கொண்டு எங்களோடு வர நினைக்கிறவர்களை நாங்கள் சேர்க்க மாட்டோம். சேலத்தில் ஹோமியோபதி படித்த கேரளப் பெண் ஹாதியா தானாக இஸ்லாத்தைத் தழுவி, பிறகு மணம் செய்துகொண்டார். 2017 மே மாதம் கேரள உயர் நீதிமன்றம் அந்த மணம் செல்லாது என்றது. வயது வந்த, படித்த ஒரு பெண் தன் மனதைத் தானே அறியமாட்டாள் என்று ஒரு நீதிமன்றமே நினைத்தது. 2018 மார்ச் 8 அன்று உச்ச நீதிமன்றம் அந்த மணத்தை மீட்டுக் கொடுத்தது. இடைப்பட்ட மாதங்களில் பெரும்பகுதியைத் தகப்பனார் வீட்டில் காவலுக்கு நடுவே அவர் கழித்தார். அவர் மாறியதும் அவர் உரிமை, எங்களில் பலர் மாறாமல் இருப்பதும் எங்கள் உரிமை.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம். எங்களிடம் வந்து அழுதவர்களில் பாதிப் பேர், சட்டம் தெரியாததால் அழுதார்கள்.

இந்து திருமணச் சட்டப்படி மணக்க இருவரும் இந்துவாக இருக்க வேண்டும். நிக்காஹ் என்றால், வேதம் அருளப்பட்ட சமூகத்துப் பெண்ணை முஸ்லிம் ஆண் மணக்கலாம் என்பது குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயம் தரும் அனுமதி. முஸ்லிம் பெண் பிற மதத்தவரை மணக்க இடமில்லை என்பது உலமாக்களின் மரபான நிலை. முஸ்லிம் ஆணுக்கும் இந்துப் பெண்ணுக்கும் நடந்த நிக்காஹ் பற்றி 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. அந்த மணம் முறையற்றதுதான், ஆனால் வெறும் பூஜ்யம் இல்லை. பிள்ளைக்குத் தகப்பன் சொத்தில் உரிமை உண்டு. மனைவி மஹர் கேட்கலாம், கணவன் சொத்துக்கு வாரிசாக முடியாது. முப்பது வருஷம் குடும்பம் நடத்திய பெண் கடைசியில் பிள்ளைகளின் கையை எதிர்பார்த்து நிற்க வேண்டும் என்று இதற்கு அர்த்தம்.

மிச்சம் இருப்பது 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம். இதற்கு ஒரு முன்கதை உண்டு. 1872-இல் வந்த முதல் சிறப்புத் திருமணச் சட்டத்தில் மணக்க வேண்டுமானால், நான் இந்து இல்லை, முஸ்லிம் இல்லை, கிறிஸ்தவர் இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. தன் மதத்தைத் துறந்தால்தான் அடுத்த மதத்தவரை மணக்கலாம். 1923-இல் செய்த திருத்தம் இந்து, பௌத்த, சீக்கிய, சமண மதத்தவர் தங்களுக்குள் மணக்க வழி விட்டது. முஸ்லிமும் இந்துவும் அவரவர் மதத்திலேயே இருந்துகொண்டு சட்டப்படி கணவன் மனைவி ஆக, சுதந்திர இந்தியா வர வேண்டியிருந்தது. அந்த 1954 சட்டம் நடைமுறைக்கு வந்த நாள் 1955 ஜனவரி 1.

அதே ஜனவரியில்தான் எங்கள் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு கூடியது. நேரு வந்தார், காமராஜர் முதலமைச்சர். சோஷலிச பாணிச் சமுதாயம் என்ற தீர்மானம் ஆவடி பெயரோடு ஒட்டிக்கொண்டது. பள்ளிப் பாடத்தில் பிள்ளைகள் இன்றும் அதைப் படிக்கிறார்கள். சமுதாயத்தை எந்தப் பாணியில் அமைப்பது என்று இந்த மண்ணில் பெரிய தலைவர்கள் பேசிக்கொண்டிருந்த அதே மாதத்தில், யார் யாரோடு வாழலாம் என்பதைத் திறந்துவிட்ட சட்டமும் உயிர் பெற்றது. முதலாவதை ஆவடிக்காரர்கள் பெருமையாகச் சொல்கிறோம். இரண்டாவதையும் இந்த ஊரின் சொத்தாக நாங்கள் உரிமை கொண்டாடுகிறோம்.

ஆனால் அந்தச் சட்டத்துக்குள்ளேயே போர்டும் வந்தது. மனு கொடுக்கும் முன், இருவரில் ஒருவராவது அந்தத் திருமண அலுவலரின் எல்லைக்குள் முப்பது நாள் குடியிருந்திருக்க வேண்டும். மனு கொடுத்த பிறகு முப்பது நாள் நோட்டீஸ். சொந்த வீட்டில் இருந்துகொண்டே மனு கொடுத்தால், தெரு முழுக்கத் தெரிந்த அலுவலகத்தில் உங்கள் படம் தொங்கும். வீட்டை விட்டு வேறு ஊரில் அறை எடுத்தால், முதல் முப்பது நாள் அங்கே இருந்து காட்ட வேண்டும், பிறகு நோட்டீஸுக்கு முப்பது நாள். அதோடும் போகாது: நிரந்தர முகவரி வேறு அலுவலரின் எல்லையில் இருந்தால், நோட்டீஸின் பிரதி அந்த அலுவலகத்துக்கும் போய் அங்கேயும் ஒட்டப்படும். 2018-இல் அம்பத்தூர் சென்னை மாவட்டத்தோடு சேர்ந்தது. ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டத்திலேயே இருக்கின்றன. அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவே திருமுல்லைவாயல், அண்ணனூர் என்று இரண்டே ஸ்டேஷன். அந்தப் பத்து நிமிஷ ரயில் தூரத்துக்குள் காதலித்த இருவருக்கு இரண்டு போர்டு.

அறுபது நாள். கையில் கொஞ்சம் பணம், ஒரு துணிப்பை, வீட்டிலிருந்து நிமிஷத்துக்கொரு போன். பெண்ணைக் காணவில்லை என்று ஸ்டேஷனில் புகார். இந்த அறுபது நாளைத் தாண்ட முடியாதவர்கள்தான் ஒரே நாளில் முடித்துத் தருகிறோம் என்கிற தரகர்களிடம் போகிறார்கள். அவர்கள் ஒரு மதமாற்றச் சான்றிதழும் ஒரு மாலையும் கொடுத்து அனுப்புகிறார்கள்.

சுயமரியாதை இயக்கத் தோழர்களிடம் இங்கே ஒன்று மனம் விட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்களில் இரண்டு தம்பதிகளுக்கு மேடை போட்டு, மாலை மாற்றி வைத்து, அப்பா அம்மா இடத்தில் நின்றவர்கள் நீங்கள்தான். அந்த நன்றி எங்களுக்கு ஆயுசுக்கும் உண்டு. ஆனால் 1967-இல் அண்ணா ஆட்சியில் நிறைவேறிய, சுயமரியாதைத் திருமணத்தைச் செல்லுபடியாக்கிய சட்டத் திருத்தம் இந்து திருமணச் சட்டத்துக்குள் ஒரு பிரிவாக வந்தது. இரண்டு இந்துக்களுக்கு இடையே நடக்கும் மணத்துக்கு மட்டும்தான் அது பொருந்தும். ஒருவர் முஸ்லிம் என்றால், எவ்வளவு பெரிய தலைவர் தலைமை தாங்கினாலும் அந்த மாலை மட்டும் சட்டத்தின் கண்ணில் மணம் ஆகாது. 2009-ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டத்தில் பதிந்துவிட்டால் போதும் என்று நினைப்பதும் தவறு. பதிவு என்பது நடந்த மணத்தைப் புத்தகத்தில் ஏற்றுவது, செல்லாததைச் செல்ல வைக்காது. எங்கள் கூட்டத்தில் உள்ள அந்த அம்மா இதைக் கணவர் இறந்த பிறகு தெரிந்துகொண்டார். ஓய்வூதியத்துக்குப் போன இடத்தில் மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர், கல்யாண ஃபோட்டோவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “இது ஃபோட்டோம்மா, சர்ட்டிபிகேட் எங்க?” என்றார். அந்த ஃபோட்டோவில் நின்றவர்கள் நல்லவர்கள். அவர்களில் ஒருவராவது மறுநாள் இந்த இருவரையும் சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கூட்டிப் போயிருக்கலாம். இனி மேடையில் மணம் நடத்தி வைப்பவர்கள், சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதியும் வரை தங்கள் வேலை முடியவில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டும். நடந்து முடிந்த மணத்தையும் அதே சட்டத்தில் பதிய வழி இருக்கிறது. அதற்கும் முப்பது நாள் நோட்டீஸ் உண்டு என்றாலும், அப்போது இருவரும் ஒரே கூரைக்குக் கீழே இருப்பார்கள்.

ஜமாத்துகளிடம் பேசுகிறோம். மார்க்கம் அனுமதிக்காத நிக்காஹை நடத்தித் தாருங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. அது உங்கள் மார்க்கம், எங்களில் பலருக்கும் அதுவே மார்க்கம். நாங்கள் கேட்பது வேறு. மகள் ஓர் இந்துவை மணந்தாள் என்பதற்காக அவள் தகப்பனாரைச் சந்தா புத்தகத்திலிருந்து எடுக்காதீர்கள். தங்கச்சி நிக்காஹுக்குத் தப்தர் என்னும் மணப்பதிவேட்டைத் தர மறுக்காதீர்கள். தாயின் மவுத்துக்கு மகள் வந்தால் வாசலில் மறிக்காதீர்கள். பெற்றவர்கள் பிள்ளைகளோடு பேசாமல் போவதற்குப் பாதிக் காரணம் கோபம் கூட இல்லை, உங்கள் மேல் உள்ள பயம்தான் என்பதை நாங்கள் வீடு வீடாகப் பார்த்திருக்கிறோம்.

லவ் ஜிகாத் என்று துண்டுப் பிரசுரம் அச்சடிப்பவர்களுக்கும் ஒரு சொல். எங்கள் வீட்டுப் பெண்களை ஏமாந்தவர்கள் என்று நீங்கள் எழுதுகிறீர்கள். அவர்கள் தொழிற்பேட்டையில் ஷிப்ட் பார்த்துச் சம்பாதித்தவர்கள், தம்பிகளைப் படிக்க வைத்தவர்கள், கடன் அடைத்தவர்கள். வீட்டு லோனுக்குக் கையெழுத்துப் போடும்போது அவளுக்குப் புத்தி இருந்தது, புருஷனைத் தேர்ந்தெடுக்கும்போது மட்டும் இல்லாமல் போய்விட்டதா? உத்தரப் பிரதேசம் 2020 நவம்பரில் கொண்டுவந்தது போன்ற சட்டம் இங்கும் வேண்டும் என்கிறீர்கள். தமிழ்நாடு 2002-இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் போட்டுப் பார்த்து, 2004-இலேயே அதைத் திரும்பப் பெற்ற மாநிலம். மறுபடி அந்தப் பக்கம் போகவிட மாட்டோம்.

சாதியைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. மாற்று மத மணத்தில் மதம்தான் தடை என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். எங்கள் அனுபவத்தில், மாப்பிள்ளை முஸ்லிம் என்று தெரிந்த பிறகும் பெண் வீட்டார் கேட்ட அடுத்த கேள்வி, முன்பு என்ன ஆளாக இருந்து மாறியவர்கள் என்பது. முஸ்லிம் வீட்டிலும், பெண் தலித் என்றால் ஒரு முகம், மற்ற சாதி என்றால் வேறு முகம். வீடு வாடகைக்குக் கேட்டுப் போனால், இரண்டு பெயரையும் கேட்ட வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “ரெண்டு பேரும் என்ன ஆளுங்க?” என்பார். பதில் எதுவாக இருந்தாலும் அட்வான்ஸ் திரும்பி வரும். வாடகை ஒப்பந்தம் இல்லையென்றால் முகவரிச் சான்று இல்லை. முகவரிச் சான்று இல்லையென்றால் முதல் முப்பது நாள் கணக்கே தொடங்காது. வாசற்படியில் கேட்ட ஒரு கேள்வி அலுவலகத்துக் கவுன்ட்டர் வரைக்கும் துரத்திக்கொண்டு வருகிறது.

இந்த வட்டாரம் இதற்காகவா உருவானது? அறுபதுகளில் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தபோது திருநெல்வேலியிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் வட ஆற்காட்டிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். ஒரே கேன்டீனில் ஒரே சாம்பாரைச் சாப்பிட்டார்கள். ஆவடி ஃபேக்டரி குவாட்டர்ஸில் பக்கத்து வீட்டுக்காரர் எந்த மாநிலம், எந்த மதம் என்பது பிள்ளைகளுக்கு விளையாடி முடித்த பிறகுதான் தெரியும். பூந்தமல்லியில் திருக்கச்சி நம்பிகள் பிறந்த ஊர் என்று பெருமாள் கோயிலுக்குப் போகிறவரும், கோல்கொண்டா காலத்துப் பள்ளிவாசலுக்குப் போகிறவரும் ஒரே பஸ்ஸில்தான் இறங்குகிறார்கள். தமிழ்நாட்டில் முஸ்லிமும் இந்துவும் மாமா, மச்சான் என்று முறை வைத்துக் கூப்பிடுவது தலைமுறை தலைமுறையாக வரும் பழக்கம். அந்த முறை ஒரு நாள் உண்மையாகிவிட்டால் அரிவாள் எடுக்கிறார்கள் என்றால், இத்தனை காலம் கூப்பிட்டது யாரை?

கடல் தாண்டிய தமிழர் நிலையும் எங்களுக்குத் தெரியும். மலேசியாவில் முஸ்லிமை மணக்க வேண்டும் என்றால் மற்றவர் மதம் மாறியே ஆக வேண்டும். பக்கத்திலேயே இருக்கும் சிங்கப்பூரில், ஒருவர் முஸ்லிம், மற்றவர் இல்லை என்றாலும் பதிவு மணம் செய்துகொள்ளலாம். துனிசியாவில் முஸ்லிம் பெண்கள் பிற மதத்தவரை மணப்பதற்கு இருந்த தடையை 2017-இல் அரசே நீக்கியது. நம் நாட்டில் 1955-இலேயே கதவு திறந்துவிட்டது. அந்த வாசலில் வைத்த காவலை எடுக்கத்தான் கேட்கிறோம்.

அரசிடம் எங்கள் கோரிக்கைகள் இவை. மணமக்களின் படமும் முகவரியும் பொதுச் சுவரில் ஒட்டப்படுவது நிற்க வேண்டும். 2021 ஜனவரியில் அலகாபாத் உயர் நீதிமன்றம், நோட்டீஸை வெளியிடுவதா வேண்டாமா என்பதை மணமக்களே தீர்மானிக்கலாம் என்றது. தனிமனித அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதன் தொடர்ச்சி அது. நாடாளுமன்றம் சட்டத்தையே திருத்த வேண்டும், அதற்குத் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் தீர்மானம் போட்டுக் குரல் கொடுக்க வேண்டும். அதுவரைக்கும், சட்டம் கேட்காத எதையும் அலுவலகங்கள் கேட்கக் கூடாது. பெற்றோர் கையெழுத்து வாங்கி வா என்று சட்டத்தில் எங்கும் இல்லை. வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லவும் எந்தப் பிரிவிலும் இடமில்லை. எங்களில் ஒருவருக்கு இரண்டும் நடந்தது. ஆட்சேபம் என்று வருபவர் சொல்ல வேண்டியது வயது, ஏற்கெனவே உள்ள மணம், மனநிலை, தடை செய்யப்பட்ட உறவு போன்ற சட்டக் காரணங்களை மட்டுமே. மதம் வேறு என்பது ஆட்சேபமே ஆகாது. இதைத் தமிழில் பெரிய எழுத்தில் அந்தப் போர்டுக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

2018 மார்ச் 27 அன்று சக்தி வாகினி வழக்கில், வயது வந்த இருவர் ஒருவரை ஒருவர் தேர்ந்தெடுத்தால் குடும்பத்தின் சம்மதமோ சமூகத்தின் சம்மதமோ தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. மாவட்டந்தோறும் தனிப்பிரிவு, இருபத்து நான்கு மணி நேர உதவி எண், தம்பதிகள் தங்கப் பாதுகாப்பு இல்லங்கள் வேண்டும் என்றும் சொன்னது. திருவள்ளூர் மாவட்டத்திலும் ஆவடி காவல் ஆணையரகத்திலும் அந்தக் கதவு எங்கே இருக்கிறது என்று நள்ளிரவில் பையோடு நிற்கும் ஒரு பெண்ணுக்குத் தெரிய வேண்டும். ரயில்வே ஸ்டேஷனில், பஸ் ஸ்டாண்டில் பலகை வையுங்கள்.

பிள்ளைகள் விஷயத்தில் நாங்கள் பதினாறு பேரும் ஒரே கருத்துக்கு வரவில்லை. ஒரு வீட்டில் பிள்ளைகள் முஸ்லிமாக வளர்கிறார்கள். ஒரு வீட்டில் தீபாவளியும் ரம்ஜானும் இரண்டும். ஒரு வீட்டில் பள்ளிப் படிவத்தில் மதம் என்ற இடத்தைக் காலியாக விட்டார்கள். அப்படி விட 1973-இலேயே தமிழ்நாடு அரசாணை வழி செய்திருக்கிறது, பள்ளியில் தெரியாது என்றால் எடுத்துக் காட்டலாம். எது சரி என்று இந்தப் பிரகடனம் தீர்ப்பு சொல்லாது. கல்யாணத்துக்கு முன்பே இருவரும் உட்கார்ந்து பேசிவிடுங்கள் என்று மட்டும் சொல்கிறோம். சாவையும் பேசிவிடுங்கள். கபர்ஸ்தானா, சுடுகாடா என்பது உடலை வைத்துக்கொண்டு உறவுக்காரர்கள் சண்டை போட வேண்டிய விஷயம் கிடையாது. எழுதி வைத்துக்கொள்ளுங்கள், கூச்சப்படாதீர்கள்.

சொத்துக்கும் அப்படியே. மதம் வேறான இருவர் சிறப்புத் திருமணச் சட்டத்தில் மணந்தால் 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் அவர்களுக்குப் பொருந்தும்: உயில் எழுதாமல் ஒருவர் போனால் மூன்றில் ஒரு பங்கு வாழ்க்கைத் துணைக்கு, மிச்சம் பிள்ளைகளுக்கு, ஆண் பெண் வித்தியாசம் இல்லாமல். இந்துக் கூட்டுக் குடும்பத்தவர் இப்படி மணந்தால் அந்தக் கூட்டிலிருந்து பிரிந்ததாகக் கருதப்படுவார்; பங்கு பறிபோகாது. சொத்தில் சல்லிக்காசு கிடையாது என்று மிரட்டும் அண்ணன்களிடம் இதை நிதானமாகச் சொல்லுங்கள்.

இனி, நாங்கள் செய்யப்போவது. அம்பத்தூரில் இரண்டு வீடும் பூந்தமல்லியில் ஒரு வீடும் தந்திருக்கிறோம். வாடகை ஒப்பந்தம் முறையாகப் போட்டுக் கொடுப்போம், அறுபது நாளும் அந்தக் கூரை அவர்களுக்கு. தங்க வருகிறவர் வயதுச் சான்று காட்ட வேண்டும். பெண்ணுக்குப் பதினெட்டும் ஆணுக்கு இருபத்தொன்றும் நிறையாதவரை ஏற்க மாட்டோம், எவ்வளவு அழுதாலும். வந்த அன்றே பெண்ணோடு எங்கள் பெண்கள் தனியாக உட்கார்ந்து பேசுவார்கள், பையன் பக்கத்தில் இல்லாமல். யாராவது மதம் மாறச் சொன்னார்களா, மனசு மாறிவிட்டதா என்று கேட்பார்கள். மாறிவிட்டது என்றால் அவள் போக விரும்பும் இடத்துக்குக் கூட்டிப் போய் விடுவோம், ஒரு கேள்வியும் கிடையாது. சட்டம் கேட்கும் மூன்று சாட்சிகள் நாங்கள் தருவோம். நோட்டீஸ் ஒட்டிய நாளிலிருந்து தினமும் ஒருவர் அலுவலகத்துக்குப் போய்ப் பார்ப்பார். வழக்கறிஞர் போன் ராத்திரியிலும் திறந்திருக்கும். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி உண்டு, அதையும் வாங்கித் தருவோம். பெற்றோர் பார்க்க வந்தால், அவர்களுக்கு நாற்காலி போட்டு, டீ கொடுத்து, மகளோ மகனோ விரும்பினால் பேச விடுவோம்.

பெற்றவர்களை எதிரியாக நினைத்து இந்த இயக்கத்துக்கு வராதீர்கள். எங்களில் ஒருவருடைய அம்மா ஆறு வருஷமாக மகள் வீட்டுப் படி ஏறவில்லை. பக்ரீத் முடிந்த மறுநாள் ஆவடி ஸ்டேஷன் பெஞ்சில் வந்து உட்காருவார். கறிக்குழம்பை எவர்சில்வர் தூக்கில் கொண்டு வருவார், மூடிக்கு மேல் துணி சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு. பேத்தியை மடியில் வைத்துக்கொள்வார். மருமகனை ஏறிட்டுப் பார்க்க மாட்டார், ஆனால் குழம்பு மூன்று பேருக்கு இருக்கும். ரயில் வரும்போது எழுந்து, “தூக்கக் கழுவி வை, அடுத்த வாட்டி வாங்கிக்கறேன்” என்பார். அந்தத் தூக்கு ஆறு வருஷமாக இரண்டு வீட்டுக்கும் போய் வந்துகொண்டிருக்கிறது.

இயக்கத்துக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. அரபுச் சொல் வேண்டாம் என்று சிலர், வடமொழி வேண்டாம் என்று சிலர்; பெயரில் சண்டை போட நேரம் இல்லை என்று மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை எழுந்துவிட்டோம். உறுப்பினர் சந்தா மாதம் நூறு ரூபாய், வீடுகளின் வாடகைக்கு.

முதல் இருவர் வந்துவிட்டார்கள். அவள் கொரட்டூர், அவர் திருமழிசை. பூந்தமல்லி வீட்டில் அவர்களுடைய முப்பத்தோராம் நாள் வருகிற திங்கட்கிழமை, அன்று மனு கொடுக்கப் போகிறோம். துணைக்கு வருகிறவர்கள் காலை ஒன்பதரைக்குப் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடுங்கள். ஆதார் அசலும் இரண்டு ஜெராக்ஸும் கையில் இருக்கட்டும்.